குழிராஜா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். கோபத்தை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். ஏனென்றால் கோணக்காசு டோபியைப் போல ஒருவனைக் கோபப்படுத்தக்கூடிய மனிதர் மலாக்காவில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காஜா பேராங்கில் அவருடைய சலவைக்கடையில் நான் இஸ்திரி போட்டேன். துணி வெளுப்பது அவருக்கு ஒரு சாக்கு. சட்டைப்பைதான் முக்கியம். மறந்துபோன சில்லறையைக் கொட்டி, ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்ப்பார். அச்சடிக்கும்போது பிசகிய காசு என்றால் தனக்கு எடுத்துக்கொண்டு, ஒரு நல்ல காசைப் பையில் போட்டுவிடுவார்.

"திருட்டு இல்ல தம்பி, மாத்துறேன்" என்பார். மாற்றுகிறாராம்!

அவருடைய தகர டப்பாவில் இருந்த சதுரச் செப்புக்காசுகளில் ஒரு ராஜாவுக்கு இரண்டு மூக்கு. இன்னொரு ராஜாவுக்குப் பாதித் தலை விளிம்புக்கு வெளியே. எல்லாவற்றுக்கும் மேலே குழிராஜா. ஒரு பக்கம் ராஜாவின் தலை புடைத்திருக்கும். மறுபக்கம் அதே தலை குழிந்து, எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

"முன்னால அடிச்ச காசு அச்சுல ஒட்டிக்கிச்சு. அதோட மூஞ்சி இதோட முதுகுல பதிஞ்சிருச்சு. கோடிக் காசுக்கும் ஒரே மாதிரி மூஞ்சி தம்பி. இது ஒண்ணுதான் தனி ஆளு."

"இத வச்சு அரிசி வாங்க முடியுமாண்ணே?"

"உன்ன வச்சு வாங்க முடியுமா?"

சொல்லிவிட்டு, எப்போதும்போல் குழிராஜாவை மட்டும் தன் இடுப்பு முடிச்சில் செருகிக்கொண்டார்.

ஜப்பான்காரன் வந்தான். காசெல்லாம் மறைந்து, வாழைமரம் போட்ட நோட்டு வந்தது. நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு உப்பிக் கிடந்தோம். இவருடைய கவலையோ வேறு. "இந்த நோட்டுல எல்லாமே தப்பா இருக்கு தம்பி. எதன்னு சேர்க்கிறது?"

ஒருநாள் ஜப்பான் சார்ஜண்ட் ஒருவனின் காற்சட்டை வெளுக்க வந்தது. அதன் பையில் ஒரு ஜப்பான் காசு. நடுவில் இருக்கவேண்டிய துளை ஓரத்துக்குப் போயிருந்தது. டோபி அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? மாற்றிவிட்டார். எதை வைத்து? நல்ல சதுரக் காசை வைத்து! இங்கிலீஷ் ராஜாவின் தலையை ஜப்பான்காரன் பையில் போட்டு, துணியை என்னிடம் கொடுத்து முகாமுக்கு அனுப்பிய புண்ணியவான் அவர்.

சார்ஜண்ட் பையில் கைவிட்டான். ராஜா வெளியே வந்தார். என் கன்னத்தில் விழுந்த அறை இன்றைக்கும் மழைநாளில் வலிக்கிறது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்றும் லாரி அங்கேயே நின்றது. கையைக் கட்டி என்னையும் அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

செய்தி கேட்டு டோபி அண்ணன் டப்பாவோடு ஓடிவந்தார். துளைக்காசைக் கொடுத்துக் குனிந்து கும்பிட்டார். சார்ஜண்ட் அதை வாங்கிக்கொண்டான். ஆனால் அவன் கண் டப்பாவுக்குள் போய்விட்டது. ஒரு காசை எடுத்தான். சிரித்தான். என்னையும் டப்பாவையும் மாறி மாறிக் காட்டினான்.

பேரம் புரிந்துவிட்டது. நல்லதாக ஒன்றைக் கொடுத்து என்னை மீட்கவேண்டியதுதானே? இவர் விளிம்பு குறைந்த ஒன்றை நீட்டினார்.

"லாகி!" என்றான் அவன். இன்னும் வேண்டுமாம்.

பாதித்தலை ராஜா. "லாகி!" இரண்டு மூக்கு ராஜா. "லாகி!"

"அவ்வளவுதான் துவான்! வேற இல்ல!" என்று இவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். குழிராஜா இடுப்பு முடிச்சில் இருப்பது எனக்குத் தெரியும். லாரி எஞ்சினை முடுக்கினார்கள்.

"அண்ணே! பாவி! நான் போறேன்ணே!" என்று கத்தினேன்.

அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. சார்ஜண்ட் குழிந்த முகத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். என் கட்டை அவிழ்க்கச் சொன்னான். கொடுத்த மற்றக் காசுகளை டப்பாவிலேயே விட்டெறிந்தான். அந்த லாரியில் போன எவரும் காஜா பேராங்குக்குத் திரும்பவில்லை.

கடைக்கு வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். "என் உசுரு போகப் பாத்துச்சு, நீ காசு காசா எண்ணிக்கிட்டு இருந்தியே! மொதல்லியே அதக் கொடுத்தா என்னா?"

அவர் டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"எடுத்த எடுப்புலயே கொடுத்தா, இன்னும் இருக்குன்னு முழுசையும் புடுங்கிக்குவான் தம்பி. நாளைக்கு உன்னத் திரும்பப் புடிச்சா, நான் எதக் கொடுத்து மீட்பேன்?"

நான் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டேன். வந்த துணிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அவருடைய கிழிந்த சட்டையை முதலில் எடுத்துத் தேய்த்தேன். திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன்.

எழுதி முடித்தது: 14 ஆகஸ்டு 1970.