ஏழாம் நம்பர் கோலும் எங்கள் கம்பவுண்டரும்

12 நவம்பர் 1981, வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். வெந்நீர், சவரம், சாமை உப்புமா. எட்டரைக்கு அலுவலகம் சேர்ந்து, மலைப்பாதையின் ஒரு சிறுபாலத்துக்கு வரைபடம் போட்டேன். மூன்று மணிக்குத் தூறல்; மூன்றே காலுக்கு நின்றது. நான்கு மணிக்கு யாரும் கேட்காமலே ஒரு நல்ல காரியம் செய்தேன். அதனால் ஒரு மனிதருடைய உயிர் போகப் பார்த்தது.

அந்த மனிதரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலை முழுக்கத் தேடினாலும், ஒரு மரக்கோலை ‘அவரு’ என்று அழைத்த ஆள் எங்கள் முகாம் மருந்தகத்துக் கம்பவுண்டர் ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் சாலைப் பிரிவின் முகாம் அப்போது மலைமேல் இருந்தது. மனமகிழ் மன்றம் நடந்த பழைய பங்களாவில், எந்தத் துரையோ விட்டுப்போன பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று. யானை கனத்தில் அதை மலையேற்றியவர்களுக்கு இறக்கத் தெம்பில்லை போலிருக்கிறது. அந்த மேசையில் எட்டு வருடமாகக் கம்பவுண்டரை ஜெயித்தவர் கிடையாது. கேட்டால், “நான் இன்னா சார் பண்றேன்? எல்லாம் அவருதான்” என்று கையிலிருக்கும் பந்தடி கோலைக் காட்டுவார்.

கோலும் லேசுப்பட்டதல்ல. பெங்களூரில் ஓர் ஆசாரி மொத்தம் ஏழே கோல்கள் கையால் செய்தாராம். ஒவ்வொன்றின் அடியிலும் தந்தத்தில் எண் பதித்தார். இது ஏழு. கைப்பிடி கருங்காலி, முன்பகுதி வெளுத்த சீமை மரம். இரண்டும் சேருகிற இடத்தில் நான்கு கூர்முனைகள் தீச்சுடர்போல் ஏறி நிற்கும். விரலை ஓட்டினால் இணைப்பு தட்டாது. ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் ஆசாரியின் சர்க்கரைப் புண்ணை ஒரு வருடம் கட்டிவிட்டதற்குக் கூலியாகக் கம்பவுண்டருக்குக் கிடைத்தது. விலைக்குக் கேட்டுச் சென்னையிலிருந்தெல்லாம் கடிதம் வரும். மருந்துச் சீட்டின் பின்புறம் பதில் எழுதுவார்: ‘நலம். அவரும் நலம். தருவதற்கில்லை.’

கோலைச் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறும்போது, பஞ்சு திணித்த நீளத் தகரப் பெட்டியில் அது படுத்தபடி, மூன்று பேர் மடிமேல்தான் பயணம் செய்யும்.

“இன்னா கம்பவுண்டரே, லக்கேஜை மேல போடுங்க” என்பார் கண்டக்டர்.

“லக்கேஜா? ஒரு முழு டிக்கெட் கிழிய்யா அவருக்கு.” உடனே பக்கத்துக்காரரிடம், “முட்டியைத் தூக்காதீங்க, வளையுது!” மலையேறும் வளைவுகளில் அந்த மூவரும் மூச்சுகூடப் பார்த்துத்தான் விடுவார்கள். இறங்கும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் வயிற்றுப்பொருமல் சூரணம் இனாம்.

மலையிறங்கும்போது வனத்துறைச் சோதனைச் சாவடியில் அடுத்த காண்டம். மலையிலிருந்து நீளமாக எது இறங்கினாலும் சந்தனக்கட்டை என்று சந்தேகிக்கும் காலம். காவலர் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தார்.

“சந்தன வாசனை வர்லியே?”

“எப்டி வரும்? இது கருங்காலி.”

“கருங்காலியா! அதுவும் காட்டு மரந்தானே?”

நாக்கைக் கடித்துக்கொண்டார் கம்பவுண்டர். அன்றிலிருந்து கோல் மலையிறங்கும்போதும் ஏறும்போதும் சாவடிப் பேரேட்டில் பதிவானது. வேறு ஆளாயிருந்தால் எரிச்சல்பட்டிருப்பார். இவருக்குப் பெருமை. “கலெக்டர் வந்து போனாக்கூட எழுத மாட்டான். அவரு வந்தா எழுதறான்!”

இப்படிப்பட்டவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அக்டோபர் கடைசியில். போளூரிலிருந்து மேற்பார்வைக்கு வந்த இன்ஜினீயர், கோலைக் கண்டதும் பாலத்தைப் பார்க்க மறந்துபோனார். அந்த ஆசாரியின் ஐந்தாம் நம்பரும் ஆறாம் நம்பரும் ஏற்கெனவே அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தன.

“விலையைச் சொல்லுங்க.”

“பெத்த புள்ளைக்கு விலை சொல்வாங்களா சார்?”

“அட, கோல்ல இன்னாய்யா இருக்குது? ஆட்டம் கையில இருக்குது. எந்தக் கோல் என் கையில இருந்தாலும் என்கிட்ட நீங்க நிக்க முடியாது.”

கோலைக் குறைத்துப் பேசியதும் கம்பவுண்டருக்குக் காது சிவந்தது. “ஒரு ஆட்டம் ஆடுவோம். நான் தோத்தா அவரை எடுத்துனு போங்க. நீங்க தோத்தா இனிமே அவரைப் பத்திப் பேச்சே எடுக்கக்கூடாது.” மன்றச் செயலாளர் என்ற முறையில் இதை வார்த்தை பிசகாமல் பதிவேட்டில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஆட்ட நாள் நவம்பர் 12, மாலை ஐந்து மணி.

இனி என் நல்ல காரியம். வெளியூர் அதிகாரி ஆட வருகிறார், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டுமே என்று நான்கு மணிக்கு மேசையைத் துடைக்கப் போனேன். பையில் ரசமட்டம் இருந்தது. சும்மா வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. மேசை தெற்கே சாய்ந்திருந்தது! படம் வரைந்து பிழைப்பவன் இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா போவது? ஜீப்பின் ஜாக்கியைக் கொண்டுவந்து, தெற்குக் கால்களை ஒவ்வொன்றாக உயர்த்தித் தகரத் துண்டுகள் செருகினேன். நான்கு ஐம்பதுக்குக் குமிழி நடுவில் வந்து நின்றது. அப்படியொரு நிம்மதி எனக்கு.

முதலில் நூறு எடுப்பவருக்கு வெற்றி என்று ஆட்டம் தொடங்கியது. கம்பவுண்டர் வழக்கம்போல் கோலின் நுனித் தோலில் நீலச் சாக்கைத் தடவி, “கெளம்புங்க” என்று அதன் காதில் சொல்லி அடித்தார். பந்து குழிக்கு ஓர் அங்குலம் வடக்கே போய் மோதியது. அடுத்ததும் ஓர் அங்குலம் வடக்கே. மூன்றாவதும் அப்படியே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருடமாக அந்த மனிதர் மேசையின் சாய்வுக்குச் சேர்த்து வடக்கே குறிவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஐம்பது நிமிடத்தில் சாய்வைப் பிடுங்கிவிட்டேன்.

இன்ஜினீயர் நாற்பத்தொன்று. கம்பவுண்டர் ஒன்பது.

எழுந்து உண்மையைச் சொல்லலாம். சொன்னால், “அப்ப இத்தினி நாளும் கோணல் மேசையிலதான் ஜெயிச்சீங்களா?” என்று கேட்பார் இன்ஜினீயர். நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கம்பவுண்டர் எழுந்தார். கோலை மெல்லத் துடைத்தார், பஞ்சில் கிடத்தினார், பெட்டியை மூடினார். பக்கத்து அறையில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இன்னாங்க, இப்பவே பேக் பண்ணிட்டீங்க? எனக்கு வேலை மிச்சம்” என்று சிரித்தார் இன்ஜினீயர்.

“வேற கோல்ல ஆடறேன். ஆட்சேபணை உண்டா?”

பதிவேட்டைப் புரட்டினேன். எந்தக் கோலால் ஆட வேண்டும் என்று அதில் இல்லை. இன்ஜினீயர், “தாராளமா ஆடுங்க” என்று கையை விரித்தார்.

கம்பவுண்டர் எடுத்தது மன்றத்தின் பொதுக் கோலை. ஒட்டடை அடிக்கவும் புளியங்காய் உலுக்கவும் பயன்பட்டது. நடுவில் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். அதைப் பிடித்ததும் ஆளே மாறிவிட்டார். பேச்சில்லை, கொஞ்சல் இல்லை. புதிதாக ஆட வந்தவர்போல் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நேராகப் பார்த்து நேராக அடித்தார். பந்து குழியில் விழுந்தது. மறுபடி விழுந்தது. கம்பவுண்டர் அறுபதைத் தொட்டதும் இன்ஜினீயரின் சிரிப்பு நின்றது; எண்பதில் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார். தன் கணக்கு தொண்ணூற்றேழில் நிற்கும்போது இன்ஜினீயருக்கு ஒரு பந்து தவறியது. தொண்ணூற்றெட்டில் இருந்த கம்பவுண்டர் குனிந்து, சிவப்புப் பந்தைச் சத்தமில்லாமல் குழிக்குள் தள்ளினார். அதற்கு மூன்று புள்ளி. மொத்தம் நூற்றொன்று.

இன்ஜினீயர் நல்ல மனிதர்தான். கை கொடுத்தார். “ஒட்டடைக் கோலை வெச்சு அடிச்சிட்டீங்களே” என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

எனக்கு இரவு தூக்கம் இல்லை. மறுநாள் 13ஆம் தேதி, வெள்ளி. எழுந்ததும் பல்கூடத் துலக்காமல், முதல் வேலையாகக் கம்பவுண்டர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே ரசமட்டம், ஜாக்கி, தகரம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“மூணாவது அடியிலயே தெரிஞ்சுபோச்சு சார்,” என்றார். “எட்டு வருசமா ஆடறேன், மேசை தெக்கே சாயறது எனக்குத் தெரியாதா? அவரைப் பிடிச்சா கை பழக்கத்துக்கு வடக்கேதான் போவுது. வேற கோலைப் பிடிச்சாத்தான் கை மறக்கும்.”

“அப்போ எல்லாம் அவரால்தான் ஜெயிக்கிறேன்னு சொல்வீங்களே?”

கம்பவுண்டர் பதறிப்போய் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். என் தோளைப் பிடித்து இரண்டு படி கீழே இறக்கினார்.

“மெதுவாப் பேசுங்க சார். அவரு அப்டிதான் நெனச்சினுகிறாரு. நெனச்சினு போவட்டுமே, நமக்கு இன்னா நஷ்டம்?”

தலையாட்டினேன். சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.