சிவப்புக் கொடிக்காரனுக்குப் பெண் கிடையாது

அன்பு மகள் ரோசலினுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், இடது முழங்கால் நீங்கலாக. பிட்ஸ்பர்க்கில் நீயும் உன் பூனையும் நலம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். "கர்ட்டிஸோட நாலு நாள் சைக்கிள்ல போய்ப் பாருங்கப்பா, அவனப் பிடிக்கலேன்னா கல்யாணப் பேச்சையே விட்டுடறேன்" என்று நீதான் வாக்குக் கொடுத்தாய். போய்ப் பார்த்தேன். பிடிக்கவில்லை. வாக்கைக் காப்பாற்று.

கம்பர்லாண்டில் கிளம்பும்போதே எனக்குச் சந்தேகம். ரயில் ஓடி நின்றுபோன பாதை, ஏற்றமே தெரியாது என்று சைக்கிள் குழுத்தலைவி வில்மா சத்தியம் செய்தாள். கண்ணுக்குத் தெரியவில்லைதான், முழங்காலுக்குத் தெரிகிறதே! மற்றவர்களெல்லாம் பேய் பிடித்த மாதிரி முன்னால் பறந்துவிட்டார்கள், நான் மனுஷன் போகிற வேகத்தில் போனேன், திரும்பிப் பார்த்தால் எனக்கும் பின்னால் ஒருத்தன், யார், உன் கர்ட்டிஸ்! சைக்கிளில் சிவப்புக் கொடி வேறு, ஜம்பத்துக்குக் குறைச்சலில்லை. காளை மாதிரி இருக்கிறான், முட்டி தேய்ந்த ஒரு கிழவனை நாலு நாளில் ஒரு தடவைகூட முந்த முடியவில்லையே. "முந்திப் போயேன் தம்பி" என்றால், "பரவாயில்ல சார், நீங்க போங்க" என்று இளிக்கிறான். இவன் வேலையில் எப்படி முன்னுக்கு வருவான்?

சைக்கிளையாவது ஒழுங்காக வைத்திருக்கிறானா? எனக்கு மூச்சு வாங்கி, இன்னும் ஒரு மிதி மிதித்தால் விழுந்துவிடுவேன் என்கிற நேரமாகப் பார்த்து இவனுக்குச் செயின் கழன்றுவிடும். "சார், செத்த நிக்கறீங்களா? மன்னிச்சுக்குங்க." ஐயோ பாவம் என்று நானும் மரத்தடியில் உட்காருவேன், இவனால் எனக்கு எத்தனை தாமதம்! மலையைக் குடைந்த சுரங்கத்தில் என் விளக்கு எரியவில்லை, பேட்டரி போட மறந்தது வேறு விஷயம், இவன் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து என் நிழலையே எனக்கு முன்னால் பூதமாக விட்டுப் பயமுறுத்தினான். மற்றவர்கள் கூடாரம் போட்டு, சோளமும் சாசேஜும் சுட்டுத் தின்று ஏப்பம் விட்ட பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்வோம். "என்னய்யா எல்மர், இன்னிக்கும் லேட்டா?" என்பாள் வில்மா. "என்னாலதாங்க, செயின் கழண்டுடுச்சு" என்பான் இவன். தப்பை ஒத்துக்கொள்கிறான், சரி, அதற்காகப் பெண்ணைக் கொடுத்துவிடுவதா? நான் போட்ட கூடாரம் என்மேலேயே விழுந்தது, உடனே ஓடிவந்து முளைகளைப் பிடுங்கி வேறு மாதிரி அடித்தான். பெரியவர் போட்ட கூடாரத்தில் கை வைக்கிறவன் நாளைக்கு என் வீட்டில் எதில்தான் கை வைக்க மாட்டான்?

ஆகவே மகளே, இவன் வேண்டாம். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. பூனையையும் விசாரித்ததாகச் சொல்.

உன் நலம் ஒன்றையே நாடும் அப்பா,
எல்மர் ஹுடாக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வில்மா போன் செய்தாள். முழங்கால் எப்படி என்று கேட்டாள், அதுதான் சாக்கென்று கொடிக்காரனைப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. "அட மனுஷா, எங்க குழுவுல கடைசி ஆளுக்குப் பின்னால கொடியோட ஒருத்தர் வந்தே ஆகணும், ரயிலுக்குக் கார்டு மாதிரி. அவரு யாரையும் முந்தக் கூடாது. அந்தப் பையன் தானாக் கேட்டு வாங்கின வேலை அது. அவன் செயினுக்கு ஒரு கோளாறும் கிடையாது, கெளம்பும்போது நான்தான் பாத்தேன்" என்றாள். போனை வைத்தேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனசு வரவில்லை, நீயே படித்துவிட்டுக் கிழித்துவிடு. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனிடம் மூச்சு விடாதே. கல்யாணத்துக்கு நாள் குறி. சர்ச் வாசலிலிருந்து பீடம் வரை உன்னைக் கைபிடித்து அழைத்துப்போக இந்த முழங்காலுக்கு நேரமாகும். ஆகட்டும். அவன் காத்திருப்பான்.