முப்பத்தேழும் முப்பத்தேழும்

கம்ப்யூட்டருக்கே பாடம் எழுதும் என் தம்பிக்கு, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமென்றும், சின்னக்குட்டிக்குப் பல் முளைத்துக் கண்டதையெல்லாம் கடிக்கிறாளென்றும் கேள்விப்பட்டுச் சந்தோஷம். நான் இருக்கிறேன். உன் மாமா போய் இரண்டு மாதமாகிறது, இன்னும் இரண்டு டம்ளர் காபிதான் கலக்கிறேன். ஆனால் இன்றைக்கு அழுவதற்காக எழுதவில்லை. ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மாமா வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியிலிருந்து அவருடைய கருவிப் பெட்டியைத் திருப்பிக் கேட்டார்கள். தூக்க முடியாமல் தூக்கிப் போனேன். கண்ணாடி போட்ட கிளார்க் பெண், நான் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க கம்ப்யூட்டரில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பேரைத் தட்டினாள். மொத்தம் முப்பத்தேழு. கம்பெனி கொடுத்ததும் முப்பத்தேழு. ரெண்டு பட்டியலையும் ஒத்துப்பார்க்கிற பொத்தானை அழுத்தினாளோ இல்லையோ, திரை முழுக்கச் சிவப்பு! பதினாறாவது வரி மட்டும் பச்சை. உடனே மேனேஜர், "ஒரே ஒரு ஸ்பேனர்தாம்மா திரும்பி வந்திருக்கு. முப்பத்தாறு குறையுது"ன்னாரு. முப்பத்தாறும் அவர் மூக்குக்குக் கீழே மேஜையில் கிடக்கிறது! "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. 'பொருள் ஒப்படைக்கவில்லை'ன்னு எழுதித்தான் ஃபைலை மூடணும்"னு பேனாவை எடுத்துட்டாரு. இருபத்திரண்டு வருஷம் உழைச்ச மனுஷனுக்குக் கடைசி வரி அதுவா? எனக்கு வந்ததே ஒரு கோபம்.

திரையை எட்டிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கே விஷயம் விளங்கிவிட்டது. அவங்க பட்டியல்ல முதல்ல அளவுநாடா, நான் முதல்ல எடுத்தது டார்ச். உன் மிஷின் முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டுன்னு நேருக்கு நேர் வச்சுப் பார்த்து, அது இல்லை இது இல்லைன்னு முடிவு கட்டுது. பதினாறாவதா ரெண்டு பக்கமும் தற்செயலா பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர், அதான் பச்சை. "ஐயா, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை உயரம் பார்த்து நிறுத்தினா ஒரு வரிசை, பேர் பார்த்து நிறுத்தினா வேற வரிசை. அதுக்காகப் பிள்ளையைக் காணோம்னு போலீசுக்குப் போவீங்களா?"ன்னு கேட்டேன். கிளார்க் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ரெண்டு பட்டியலையும் அச்செடுக்கச் சொல்லி, கத்திரிக்கோல் வாங்கி, வரி வரியா நறுக்கினேன். இந்தச் சீட்டுக்கு அந்தச் சீட்டுன்னு ஜோடி சேர்த்து ஓரங்கட்டினோம். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் மட்டும் பட்டியல்ல மூணு. அது வந்ததும் மேனேஜர், "இருக்கு, இருக்கு"ன்னு மூணு சீட்டையும் ஒரே சீட்டோட தள்ளினாரு. "இருங்க! மூணு சீட்டுன்னா எதிர்ல மூணு இருக்கணும். ஒண்ணைக் காட்டி மூணுங்கிற பழக்கம் எங்க வீட்ல கிடையாது"ன்னு மூணையும் தேடி எடுத்து வச்சேன். கடைசியில் இந்தப் பக்கமும் சீட்டில்லை, அந்தப் பக்கமும் சீட்டில்லை. ஆபீசே எழுந்து நின்னுது தம்பி! "இந்த வேலையை மிஷினுக்கு யார் எழுதிக் கொடுத்தா?"ன்னு கேட்டேன். உன் கம்பெனி பேரைச் சொன்னாங்க. உனக்கு விரல் மடக்கி எண்ணக் கற்றுக் கொடுத்தவள் நான் என்பதை அங்கே மூச்சுவிடவில்லை.

"எல்லாக் கருவியும் சரியாக ஒப்படைக்கப்பட்டது" என்று மேனேஜரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகலை மாமா படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டேன். இனி அந்த மனுஷனை எவனும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் இருக்கணும். குட்டியின் புதுப் பல்லுக்கு ஒரு முத்தம். வரிசையைப் பார்க்கிறதா, சாமானைப் பார்க்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு அப்புறம் மிஷினுக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது தையல் மிஷின் டிராயரைத் திறந்தேன். உள்ளே கம்பெனி முத்திரை போட்ட குறடு! அப்போ அங்கே கொடுத்துட்டு வந்தது நம்ம வீட்டுக் குறடு. பேரும் ஒண்ணு, எண்ணிக்கையும் ஒண்ணு, ஆனா அது இது இல்லையே! தையல் மிஷின்ல ஊசி மாட்டிக்கிச்சுன்னு நான் கத்தினப்போ, மனுஷன் அவசரத்துல இதால பிடுங்கி டிராயர்ல போட்டுட்டு, நம்ம குறட்டைப் பெட்டியில மாத்திப் போட்டிருக்காரு. நாளைக்கு நன்றி சொல்லப் போகிற சாக்கில் இதை வைத்துவிட்டு, அவர் கைப்பிடி தேய்ந்த நம்ம குறட்டை எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் தயவுசெய்து மிஷினைத் திருத்தாதே.