சஹன் வைத்துத் தண்ணீர் காத்த கதை

ஒரு வெள்ளிக்கிழமை, உலகத்தைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தேன். மகாவலி ஆறு பக்கத்திலேயே ஓடியும், இந்த வறட்சியில் கம்பளையில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. சாதாரண மனிதர் யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். என்னைவிடச் சாதாரண மனிதர் இந்தத் தெருவில் இல்லை.

உள்நோக்கமும் ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்த நாளிலிருந்து மனைவி மஸாஹிரா எனக்குச் சோற்றை அளந்துதான் வைக்கிறாள். ஒரே ஒரு அகப்பை. இரண்டாவது அகப்பையைக் கனவில்தான் காண்கிறேன். ஆனால் கல்யாண வீட்டுச் சஹன் அப்படியா? பெரிய தட்டொன்றைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது யார் கையை யார் அளப்பது?

"இஞ்ச பாரு, நாங்க ரெண்டே பேர். பீங்கான், கோப்பை எண்டு ஒரு நாளைக்கு முப்பது சாமான் கழுவுற. எவ்வளவு தண்ணி!"

"நீங்களா கழுவுற?"

"ஆரு கழுவினாலும் தண்ணி தண்ணிதானே. இனி ஒரே சஹன்ல திம்போம். சோறு மிச்சமாகி குப்பைக்குப் போறதும் இல்ல."

"சஹன்ல மிச்சம் வராதா?"

"அதுக்குத்தானே நான் ஈக்கிறேன்!"

அவசரத்தில் வாய் உளறிவிட்டது. மஸாஹிரா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல யோசனதான். ஞாயித்துக்கெழமையே தொடங்குவோம்."

இருபத்தாறு வருடத்தில் அவள் எதற்கும் முதல் தடவையிலேயே சம்மதித்ததில்லை. சந்தோஷத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு பகல். நெய்ச்சோற்று வாசம் மூக்கைத் துளைத்தது. சிரட்டைத் தண்ணீரில் சிக்கனமாகக் கை கழுவி, பாயில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி மூடியைத் திறந்தேன்.

சீனி வருத்தக்காரருக்கென்றே விதித்த குரக்கன் புட்டு. சுற்றிவர வல்லாரைச் சம்பல். நடுவில் பாகற்காய்.

"என்னத்த இது?"

"ஒங்கட சாப்பாடு."

"அப்ப ஒன்ட?"

"ஒரே சஹன்னா ஒரே சாப்பாடுதானே. ரெண்டு விதமா ஆக்கினா கேஸும் வீண், தண்ணியும் வீண்."

"நெய்ச்சோறு மணக்குதே!"

"அது பக்கத்து வீடு. உம்மு குல்சும் ராத்தா ஆக்கினது."

சரி, பாகற்காயென்றால் இருவருக்கும்தான் பாகற்காய். இரண்டு நாளில் அவளே அலுத்துப்போய் அரிசிப் பானையை ஏற்றுவாள். எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது. புட்டில் பாதியைப் பெருந்தன்மையோடு அவள் பக்கம் தள்ளினேன்.

"வா, ஒக்காந்து தின்னு."

"எனக்கு வேணாம். ராத்தாட சஹன்ல ஒரு எடம் ஈந்திச்சு, திண்டுட்டு வந்துட்டேன். எங்கட வீட்டுத் தண்ணி இன்னும் மிச்சம்."