இணைப்பு: கால்கள் நான்கு

இரும்புக் கட்டில் செய்யும் கம்பெனி ஒன்றில் வெல்டிங் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பன்னிரண்டு வருஷமாகச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்த தையற்காரி அந்த வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்தாள். துணியைச் சேர்த்துச் சேர்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. தைத்தது என்றைக்காவது பிரியும், இரும்போடு இரும்பு சேர்ந்தால் சேர்ந்ததுதான் என்பது அவளுடைய கட்சி. மூன்று மாதம் பயிற்சி, கடைசியில் பரீட்சை. தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் வீடு. பழைய கம்பெனியில் அவளுடைய மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாகிவிட்டது.

"ஊசி பிடிச்ச கைக்கு எதுக்கு அண்ணி நெருப்பு?" என்று நாத்தனார் கேட்டாள். கேட்டதோடு விடாமல், மூன்று மாதத்தில் அண்ணி திரும்பி வந்துவிடுவாள் என்று பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவைத்தாள்.

இவள் சேர்ந்த நேரம் பார்த்து நிர்வாகத்துக்குத் தமிழ்ப் பற்று வந்தது. தமிழுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. கம்பெனிக்குத்தான் ஆயிற்று. சொல்லாக்கப் பிரிவு என்று ஓர் அறை முளைத்தது. அதில் ஓர் அலுவலர், ஒரு மின்விசிறி, ஏழு அகராதி. 'வெல்டிங்' என்ற சொல் இனி எந்தத் தாளிலும் தலைகாட்டக் கூடாது, 'பற்றவைப்பு' என்றே வழங்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

முதல் நாள் தையற்காரி முகமூடி, தோல் கையுறை, தோல் ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போனாள். அங்கே பாதுகாப்பு அதிகாரி அவளை மறித்தார். அவருக்குப் பின்னால் சுவரில், 'இவ்வளாகத்தில் எதையும் பற்றவைப்பது தண்டனைக்குரிய குற்றம்' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் பீடிக்காக எழுதியது.

"பற்றவைப்புப் பயிற்சின்னு போட்டிருக்கே. இதை எப்படிம்மா நான் உள்ளே விடறது?"

"வெல்டிங்தான் சார் அது."

"வெல்டிங்னா எனக்கு ஆட்சேபணையே இல்லை. தாராளமாப் பண்ணுங்க. பற்றவைக்கத்தான் கூடாது."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணுன்னா எதுக்கும்மா பேரை மாத்தினாங்க?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றாலும், அவர் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தார்.

உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஆறு வெல்டர்களையும் அன்று மத்தியானமே வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவர்களுடைய அடையாள அட்டையிலும் பெயர் மாறியிருந்தது. பத்து நாள் ஏழு பேரும் மரத்தடியில் கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வேலை செய்யாவிட்டாலும் கவசத்தைக் கழற்ற அனுமதியில்லை.

பதினோராம் நாள் தையற்காரி பொறுக்க மாட்டாமல் சொல்லாக்கப் பிரிவுக்கே போனாள். வேறு ஏதாவது ஒரு சொல் போட்டுத் தரும்படி கேட்டாள். அலுவலர் நல்ல மனுஷர். தன்னிடம் இத்தனை நாளில் ஒருவரும் சொல் கேட்டு வந்ததில்லை என்று நெகிழ்ந்துபோய், அவளை உட்காரவைத்து ஏழு அகராதியையும் புரட்டினார். இரண்டு இரும்பை என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். சேர்க்கிறோம் என்றாள். சாயங்காலம் புதுச் சுற்றறிக்கை வந்துவிட்டது. பற்றவைப்பு இனி 'இணைப்பு'.

பாதுகாப்பு அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, இணைப்பில் நெருப்பு அபாயம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் இணைப்பு வேலை பட்டறையில் நடப்பதில்லை என்றும் எழுதியிருந்தார். உண்மைதான். அந்தக் கம்பெனியில் அதுவரை இணைப்பு என்று இருந்ததெல்லாம் தபால் பிரிவில்தான். கடிதத்தின் அடியில் 'இணைப்பு: 2' என்று போட்டு, பின்னால் இரண்டு தாளைச் சேர்த்து ஸ்டேப்ளரால் அடிப்பார்கள். ஏழு பேரையும் அங்கே மாற்றினார்கள்.

மறுநாள் முதல் தையற்காரி முகமூடியை இறக்கிக்கொண்டு, தோல் கையுறைக்குள் ஸ்டேப்ளரைப் பிடித்து, தாளோடு தாளை இணைக்கக் கற்றுக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடி வழியே தாள் தெரியாது. குத்துமதிப்பாகத்தான் அடிக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் கை படிந்துவிட்டது. ஆனால் மனசு படியவில்லை. இதற்கா வந்தோம் என்று தினமும் அழுகை வந்தது. முகமூடி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வீட்டில் ஜன்னல் கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தது. நீங்கதான் படிக்கிறீங்களே, ஒட்டிக் கொடுங்களேன் என்றாள் நாத்தனார். கவசமில்லாமல் வெளியில் செய்வது விதிப்படி குற்றம் என்று இவள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். நாத்தனாருக்கே மரியாதை வந்துவிட்டது.

கட்டில்கள் மட்டும் நின்றுவிடவில்லை. அனுப்ப வேண்டிய தேதிக்கு அனுப்பினார்கள். சட்டம் தனி, கால் தனியாகக் கோணிப்பையில் கட்டி, மேலே 'இணைப்பு: கால்கள் நான்கு' என்று சீட்டு ஒட்டினார்கள்.

பரீட்சை வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் இணைத்த இரண்டு தாளை இழுத்துப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். தண்ணீரில் முக்கிக்கூடப் பார்த்தார். தாள் கிழிந்ததே தவிர இணைப்பு விடவில்லை. முதல் வகுப்பு என்று எழுதினார். பயிற்சி முழுமையாக அளிக்கப்பட்டது என்ற இடத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு ஞாபகம் வந்தது. போட்டுவிட்டாள்.

நிரந்தர வேலையில் அவள் கைக்கு வந்த முதல் கடிதம் ஒரு புகார். எழுதியது ஒரு ஸ்கூல் வாத்தியாரம்மா. 'புதுக் கட்டிலில் படுத்த என் கணவர் கீழே விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கட்டிலில் இணைப்பே இல்லை' என்று இருந்தது.

தையற்காரி அதை மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்றாங்க. இணைப்பு இல்லைதான். இணைச்சு அனுப்பச் சொல்லி எழுதிடுங்க."

அப்படியே எழுதினாள். அடுத்த வாரம் வாத்தியாரம்மா கட்டிலையே ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வந்த இணைப்பைக் கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்பது விதி. தபால் பிரிவே கூடி நின்றது. தையற்காரி முகமூடியை இறக்கிக்கொண்டு, கடிதத்தைக் கட்டிலின் மேல் வைத்து ஸ்டேப்ளரால் அடித்தாள். ஸ்டேப்ளர் பின் மடங்கிற்று. இன்னொன்று அடித்தாள். அதுவும் மடங்கிற்று. பக்கத்தில் நின்ற ஆறு வெல்டர்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இதுக்கு வெல்டிங் வைக்கணும்," என்றாள். விலக்கிய சொல் வாயில் வந்துவிட்டது.

மேலாளர் அந்தச் சொல்லைக் காதில் வாங்கவில்லை. மடங்கிக் கிடந்த பின்களைக் குனிந்து பார்த்தார்.

"நீங்க முதல் வகுப்பும்மா. உங்க கையாலேயே ஏறலைன்னா இரும்புலதான் கோளாறு. அப்படியே எழுதுங்க."

எழுதினாள். இரும்பு தரக்குறைவு என்று அவள் எழுதியது மேலே போயிற்று. இணைப்புக்கு ஒத்துழைக்கும் பொருளில் இனிக் கட்டில் செய்வது என்று மேலே தீர்மானித்தார்கள்.

மறு மாதம் முதல் கட்டில்கள் கெட்டி அட்டையில் வந்தன. அட்டைச் சட்டத்தில் அட்டைக் காலை வைத்து அவள் ஒரு குத்து குத்தினாள். பின் சுகமாக இறங்கிற்று. பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. வந்த நாளிலிருந்து முதல்முறையாக, தொழில் கைக்கு வந்துவிட்டது என்று அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.