முதலாளி சம்பளம் தரவில்லை

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே உங்கள் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியம். லாரியும் சௌக்கியம்; அதற்குத்தான் வேளாவேளைக்கு டீசலும் கிரீஸும் கிடைக்கிறதே. நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளவும்.

கம்பெனி லாரியை ஓட்டிக்கொண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் என்று தேமேயென்று கிடந்தவன் நான். போன வருஷம் நீங்கள் வந்தீர்கள். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, சும்மா இருக்க முடியுமா? பேனாவை எடுத்து எங்கள் பிரிட்ஜ் கதவிலேயே ஒரு லோடு வாடகையை எழுதி, மாதத்து நாள்களால் பெருக்கி, டீசலைக் கழித்து, தவணையைக் கழித்து, மிச்சத்துக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, "மாமா, இதுல டிரைவர் சம்பளம் வேற மிச்சம். டிரைவரே நீங்கதானே!" என்று கைதட்டினீர்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு, கடன் வாங்கிச் சொந்த லாரிக்காரன் ஆனேன். அந்த மை இன்றுவரை போகவில்லை. உங்கள் அக்கா தேய்த்த தேய்ப்பில் பிரிட்ஜ் பெயிண்ட்தான் போயிற்று.

போன லாரி திரும்பி வர வேண்டும் என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லையா மாப்பிள்ளை? போகும்போது சிமெண்ட் மூட்டை, வரும்போது வெறும் காற்று. காற்றை ஏற்றி வந்தாலும் டீசல் அதே டீசல்தான். புரோக்கரைக் கேட்டால், "இதோ லோடு வந்துட்டே இருக்குண்ணே" என்பார். நான் கிடங்கு வாசலில் துண்டை விரித்துப் படுத்து, அங்குள்ள நாய்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டேன். சரி, லோடு கிடைத்து இறக்கியும் ஆயிற்று, வாடகை எங்கே? "பில் மேல போயிருக்கு" என்கிறார் சரக்குக் கம்பெனி மேனேஜர். இரண்டு மாதமாக மேலே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். தவணைக்காரர் மட்டும் தேதி தவறுவதே இல்லை. வாடகை நூறு வந்தால் டீசலுக்கு நாற்பத்தைந்து, தவணைக்கு முப்பது, சுங்கம், இன்சூரன்ஸ், கமிஷன் என்று இன்னொரு இருபது போய், ஐந்து மிஞ்சுகிறது. அந்த ஐந்து கைக்கு வந்ததும் டயர் வெடிக்கிறது. எங்கே ஒளிந்திருந்து பார்க்கிறதோ தெரியவில்லை. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் பழைய சம்பளத்தில் பாதி தேறவில்லை.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அக்கா, "டிரைவர் சம்பளம் எங்க?" என்று கையை நீட்டுகிறாள். "முதலாளி தரலை" என்றேன். "அந்த ஆளை நாலு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?" என்றாள். கேட்டேன் மாப்பிள்ளை. கண்ணாடி முன்னால் நின்று கேட்டேன். முதலாளி திருதிருவென்று விழித்தான். கம்பெனியில் இருந்தபோது முதலாளியைத் திட்டிவிட்டாவது நிம்மதியாகத் தூங்குவேன். அந்தப் பாக்கியமும் போயிற்று. பெரியவள் பள்ளிக்கூட ஷூ கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே லாரியை விற்கிறேன். மெக்கானிக் இன்று சாயங்காலம் ஒரு ஆளை அழைத்து வருகிறார். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியை நீங்கள்தான் தர வேண்டும். பெருக்கியவர் நீங்கள்; பிரிட்ஜ் கதவே சாட்சி.

உங்கள் மனைவிக்கு எங்கள் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களுக்குக் கணக்கு மட்டும் வேறு யாராவது சொல்லித் தரட்டும்.

இப்படிக்கு,
சம்பளம் கிடைக்காத டிரைவரும், சம்பளம் கொடுக்காத முதலாளியும் ஆகிய
உங்கள் மாமா

பி.கு.: அந்த ஆள் வந்தார். கடன் முழுவதும் அடைகிற விலையே சொன்னார். "வண்டிய டிரைவர் நல்லா வச்சிருக்காரு. அவரையும் சேத்து எடுத்துக்கறேன். மாசம் பொறந்தா சம்பளம்" என்றார். நான் தலையாட்டப் போனேன். அதற்குள் உங்கள் அக்கா சாவியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "டிரைவர் வரமாட்டாருங்க. அவருக்கு இங்க ஒரு வருஷச் சம்பள பாக்கி இருக்கு. முதலாளி அதைக் குடுக்காம எங்கயும் போக விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் போனதும், "சொந்த வண்டிய இன்னும் ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்க" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். லாரி விற்பனைக்கு இல்லை. நீங்களும் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். இருந்தாலும் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். இவ்வளவு திட்டியது வீணாகக் கூடாது.