தண்ணீர்விட்டான் கிழங்கு எனக்குத்தான்

தக்கலை,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தரின் கிருபையால் தோகாவில் குடியிருக்கும் என் மகள் ஜெஸ்பினுக்கு அப்பா சிலுவைதாசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. நீயும் மருமகன் ஷிஜினும் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால், லீவு முடிந்து நாளை தோகா திரும்பும் நம் ஊர் ஆன்ட்ரூஸ் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

"அப்பா, டாக்டர் அஸ்பாரகஸ் சாப்பிடச் சொன்னாங்க. ஃபோலேட், நார்ச்சத்து, வைட்டமின் எல்லாம் நிறைய இருக்காம்" என்று செய்தி அனுப்பினாயே, அதைப் படித்து அழுதுவிட்டேன். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என் மலச்சிக்கலை ஒரு டாக்டரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறாயே! அகராதியைப் புரட்டினேன், தண்ணீர்விட்டான் கிழங்கு என்று போட்டிருந்தது. கோட்டாற்றில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் கேட்டேன். "யாருக்கு அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். "ஜெஸ்பின் சொன்னா" என்றேன். பக்கத்தில் நம் சபை ராஜபாய் நின்றிருந்தாள். "பிள்ள பெத்தவளுக்குப் பால் ஊற குடுக்க கிழங்குல்லா இது! ஏழு வருசம் கழிச்சு உம்ம மவளுக்கு ஆண்டவர் கண்ணத் தொறந்திருக்காரு, ஒரு வார்த்த சொன்னீரா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

கிழங்கைப் பாலில் வேகவைத்து நாள் தவறாமல் தின்றேன். சத்து சேர்ந்ததோ என்னவோ, பெயர்தான் தண்ணீர்விட்டான், விட்டதெல்லாம் நான். அந்த ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் முடிவதற்குள் மூன்று தடவை வெளியே போனேன். கடைசித் தடவை திரும்பி வந்தால் சபை முழுக்க எழுந்து நிற்கிறது, போதகர் உன் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துகிறார், பக்கத்து வீட்டு நேசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பிள்ளை இல்லையே என்று நீ அழுத அழுகை எனக்குத் தெரியும். இது உன் காதில் விழுந்தால் தாங்கமாட்டாயே என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்தாநாள் நானே சபையில் எழுந்து, "அப்படி ஒண்ணும் இல்ல, கிழங்கு எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சந்திக்கு இழுத்துவிட்டேன் மக்கா, அப்பாவை மன்னித்துவிடு.

சமாதானத்தின் தேவன் உங்கள் இருவரையும் காப்பாராக.

அப்பா,
சிலுவைதாசன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஷிஜின் போன் பண்ணினார். "மாமா, டாக்டர் சாப்பிடச் சொன்னது உங்களுக்கில்ல, அவளுக்கு. மூணு மாசம் ஆவுது. கொஞ்ச நாள் போவட்டும்னுதான் யாருக்கும் சொல்லல்ல" என்றார். 'எனக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கக்கூடாதா, ஏட்டி? இப்போது போதகரிடம் போய், இல்லை என்றதை இல்லை என்று சொல்லவேண்டும். எந்த முகத்தோடு போவது? இந்த ஒரு முகம்தான் இருக்கிறது. அதுவும் அழுது வீங்கிக் கிடக்கிறது. பார்க்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.